பன்னிரண்டு கிண்ணம் ஊற்றி ஆறாக வற்றவை: கான்டனீஸ் வீட்டு சூப் குறிப்பை எழுதி வைப்பது எப்படி?

கிந்தா மருமகள் (ஈப்போ)

கணவர் வீட்டுப் பாட்டி கான்டனீஸ்காரர். தாமரைக்கிழங்கு சூப்புக்கு அவர் வாயால் சொன்ன குறிப்பைச் சொன்னபடியே தருகிறேன்:

பன்றி எலும்பு ஒரு காட்டி (சுமார் 600 கிராம்). தாமரைக்கிழங்கு இரண்டு கணு. கச்சான் (வேர்க்கடலை) ஒரு பிடி. காய்ந்த பேய்க்கணவாய் ஒன்று. சிவப்பு இலந்தை ஐந்து. சான் பேய் (காயவைத்துப் பழக்கிய ஆரஞ்சுத் தோல்) ஓர் இதழ். இஞ்சி இரண்டு வில்லை. தண்ணீர் பன்னிரண்டு கிண்ணம், ஆறாக வற்ற வேண்டும். சின்ன நெருப்பில் மூன்று மணி நேரம். உப்பு "சியூ சியூ", அதாவது கொஞ்சமே கொஞ்சம்.

முதல் முறை வார்ப்பிரும்புப் பானையில் வைத்ததில் சூப் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறமாகிவிட்டது. இரண்டாம் முறை ஸ்டெயின்லெஸ் பானை, கண்ணாடி மூடி, இன்டக்ஷன் அடுப்பு. நிறம் சரி, ஆனால் கழுநீர் மாதிரி ருசியே இல்லை. இரண்டு முறையும் கிழங்கு மொறுமொறுவென்றே இருந்தது. குறிப்பில் எதுவோ விட்டுப்போயிருக்கிறதா?

சா போ (கோலாலம்பூர்)

குறிப்பில் எதுவும் விட்டுப்போகவில்லை. மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாக வந்திருக்கின்றன.

நிறம் கெட்டது இரும்பால். தாமரைக்கிழங்கில் உள்ள பாலிஃபீனால் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். வாழைப்பூ நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பதும் இதே கதைதான். மண்பானை, ஸ்டெயின்லெஸ், பீங்கான் பூச்சு உள்ள பானை எதுவானாலும் சரி. பூச்சு இல்லாத இரும்பு மட்டும் வேண்டாம். கிழங்கை நறுக்கும் கத்தியும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். நல்ல பானையில் வைத்தால் சூப் லேசான செம்பழுப்புக்கு வரும், அது சரியான நிறம்.

கிழங்கு மொறுமொறுப்பு நேரக் குறைவால் வந்ததல்ல, வாங்கிய கிழங்கின் இனமே அப்படி. தாமரைக்கிழங்கில் மாவுக்கிழங்கு, மொறுகிழங்கு என்று இரண்டு வகை உண்டு. மொறுகிழங்கு வதக்கலுக்கும் சாலடுக்கும் ஆனது. ஐந்து மணி நேரம் வேகவைத்தாலும் பல்லில் நறுக்கென்றுதான் படும். மாவுக்கிழங்கு குட்டையாக, தடிமனாக, தோல் கொஞ்சம் செம்பழுப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். நீளமாக, ஒல்லியாக, பளிச்சென்று வெள்ளையாக இருப்பது மொறுகிழங்கு. குறுக்கே வெட்டினால் ஏழு துளை இருந்தால் மாவு, ஒன்பது இருந்தால் மொறு என்று பாசாரில் சொல்வார்கள். பெரும்பாலும் பொருந்தும், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நுனிக்கணு இளசு, அதை விட்டுவிட்டு நடுக்கணுவைக் கேளுங்கள். இரு முனையும் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் துளைக்குள் சேறு போயிருக்கும், கழுவி மாளாது. வெற்றிடப் பையில் வரும் வெள்ளைக் கிழங்கைவிட சேறு பூசியே விற்கும் கிழங்கு மேல்.

ருசியின்மைக்குக் காரணம் தண்ணீர். அதை அளவுகோல் வந்து சொல்வார், அவருக்குப் பிடித்த பாடம்.

அளவுகோல் (சிங்கப்பூர்)

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன்.

"பன்னிரண்டு ஊற்றி ஆறாக வற்றவை" என்ற குறிப்பில் ஆறை நம்புங்கள். பன்னிரண்டு என்பது அந்தக் காலக் கரி அடுப்புக்கும், மூடி சரியாக உட்காராத அந்த மண்பானைக்கும் சொந்தம். அதில் மணிக்கு இரண்டு கிண்ணம் ஆவியாகப் போயிருக்கும். உங்கள் கண்ணாடி மூடி இறுக்கமானது, இன்டக்ஷனின் குறைந்த சூடும் ஒரே சீரானது. மூன்று மணி நேரத்தில் அதிகம் போனால் இரண்டு மூன்று கிண்ணம் போகும். ஆக ஆறு கிண்ணச் சாரத்தை ஒன்பது பத்துக் கிண்ணத் தண்ணீரில் குடித்திருக்கிறீர்கள்.

உங்கள் பானை எவ்வளவு இழக்கிறது என்பதை ஒரு தடவை அளந்தால் போதும். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் சூப் வைக்கும் அதே சூட்டுக்குக் குறைத்து, மூடியை வழக்கம்போல் வைத்து, ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறியதும் அளவுக்குவளையில் அளந்தால் குறைந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பானையின் அடியிலேயே அழியாத பேனாவால் எழுதிக்கூட வைக்கலாம்.

பிறகு கணக்கு சுலபம்: கடைசியில் வேண்டிய சூப் + (மணிக்கு இழப்பு × மணி) = ஊற்ற வேண்டிய தண்ணீர்.

அதற்கு முன் பாட்டியின் கிண்ணத்தை அளந்துவிடுங்கள். "கிண்ணம்" என்றால் கடையில் விற்கும் 250 மில்லி குவளை அல்ல. அந்த வீட்டின் சோற்றுக் கிண்ணம். விளிம்பு வரை நிரப்பி அளக்காமல், அவர் வழக்கமாக எதுவரை ஊற்றுவாரோ அதுவரை ஊற்றி, தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கிராம் ஒரு மில்லி.

கிந்தா மருமகள்

கிண்ணம் 220 மில்லி. பானை மணிக்கு 160 மில்லி இழக்கிறது. அப்படியானால் ஆறு கிண்ணம் 1,320, மூன்று மணிக்கு 480, மொத்தம் 1.8 லிட்டர். நான் ஊற்றியது மூன்று லிட்டர்! ஆனால் 1.8 லிட்டரில் எலும்பும் கிழங்கும் மூழ்குமா?

அளவுகோல்

600 கிராம் எலும்பு, 700 கிராம் கிழங்கு, 22 செ.மீ. வாயகலப் பானை என்றால் மூழ்கும். அகலப் பானையென்றால் மூழ்காது. அப்போது தண்ணீரைக் கூட்டக் கூடாது, பானையை மாற்ற வேண்டும். சூப்புக்கு உயரமான, வாய் குறுகிய பானைதான் சரி. வாய் அகலமானால் ஆவி இழப்பும் கூடும்.

இன்னொரு பழைய வழி: எல்லாம் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் ஒரு புது மூங்கில் சாப்ஸ்டிக்கைப் பானையின் அடிதொட நேராக இறக்கி, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் ஒரு கீறல். சூப் சரியாக அமைந்த நாளில் இறக்கும் நேரத்தில் இன்னொரு கீறல். அந்தக் குச்சியும் அந்தப் பானையும் இருக்கும்வரை யார் வைத்தாலும் சூப் ஒன்றுபோலவே வரும்.

ஸ்காபரோ சமையல் (டொரொன்டோ)

நான் ஒண்டு மறுத்துச் சொல்லலாமோ? வத்தினால்தான் ருசி எண்டு எல்லாரும் நம்பீனம். வத்துறதால ருசி புதுசா உண்டாகாது. எலும்புக்கும் தண்ணிக்கும் உள்ள விகிதம்தான் ருசி. துவக்கத்திலயே தண்ணிய அளவா விட்டால் வத்த வைக்கத் தேவையே இல்லை. டன் தோங் எண்டு சொல்லுற ஆவிச் சூப்பப் பாருங்கோ. மூடி போட்ட பீங்கான் ஜாடிய கொதிதண்ணிக்குள்ள வச்சு நாலு மணித்தியாலம் அவிக்கிறது. ஒரு சொட்டும் வத்தாது, எண்டாலும் அதுதான் விருந்தாளிக்கு வைக்கிற சூப்.

சா போ

விகிதம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டன் தோங்கில் போடுவது கொழுப்பு நீக்கிய இறைச்சி, தோலுரித்த கோழி, நல்ல மருந்துச் சரக்கு. வாடை எழுப்பும் எதையும் அதில் போடுவதில்லை. எலும்பும் காய்ந்த பேய்க்கணவாயும் போட்ட லோ ஃபோ தோங் என்ற நெடுநேரச் சூப்பை முதல் நிமிடத்திலிருந்து இறுக்கி மூடிப் பாருங்கள், பச்சை வாடை உள்ளேயே நிற்கும். அதனால் முதல் 15 முதல் 20 நிமிடம் பெரிய நெருப்பு, மூடி ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. பிறகு மூடிவிட்டு நெருப்பைக் குறைப்பது.

குறைத்த நெருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அடுப்பின் எண் உதவாது. மூன்று என்றால் ஒவ்வொரு அடுப்பிலும் ஒவ்வொரு சூடு. மேற்பரப்பைப் பாருங்கள்: நடுவில் மட்டும் குமிழ்கள் செவ்வந்திப் பூவின் நடுப்பகுதி போல விரிந்து விரிந்து அடங்க வேண்டும், ஓரம் அசையாமல் இருக்க வேண்டும். பானை முழுக்கக் கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு அடித்துக் கலந்து சூப் கலங்கும்.

பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வராது. லோ ஃபோ தோங் நெடுநேரச் சூப். டன் தோங் ஆவிச் சூப். குவான் தோங் அரைமணிக்குள் முடியும் கீரை, முட்டை, தோஃபு சூப். "பௌ சாம் டன் செய்" என்று ஒரு வழக்கு உண்டு: கொதிக்க வைத்தால் மூன்று மணி, ஆவியில் வைத்தால் நான்கு.

மயிலாப்பூர் விசில் (சென்னை)

எத்தனை விசில்?

சா போ

:) விசில் கணக்கே வேண்டாம். விசில் அடிக்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் கலங்குகிறது. முழு அழுத்தம் வந்ததும் நெருப்பைக் கடைசிக்குக் குறைத்து 40 முதல் 45 நிமிடம். அணைத்தபின் அழுத்தம் தானாக இறங்கட்டும். ஆவியை அவசரமாகத் திறந்துவிட்டால் உள்ளே ஒரே கொந்தளிப்பாகி, தெளிவாக வந்திருக்க வேண்டிய சூப் கலங்கிவிடும். ஆவி இழப்பு ஏறக்குறைய இல்லை, ஆகவே ஆறு கிண்ணத்துக்கு 1.4 லிட்டர் போதும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

குக்கரில் ஊன் சாரம் முழுதாக இறங்கும், கிழங்கும் வெந்துவிடும். முதலில் சொன்ன பச்சை வாடைதான் சிக்கல். அதனால் குக்கருக்குப் போகும் எலும்பைக் கட்டாயம் "ஃபேய் சோய்" செய்ய வேண்டும். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மெதுவாகச் சூடேற்றி, கொதி வந்து ஐந்து நிமிடம் ஆனதும் வடித்து, நுரையும் ரத்தக்கட்டியும் போக ஒவ்வொரு துண்டையும் வெந்நீரில் கழுவுவது. நேரே கொதிநீரில் போட்டால் மேல்பாகம் உடனே இறுகி, உள்ளே உள்ள ரத்தம் வராது. அது பிறகு சூப்பில் வரும். ஏற்கெனவே கலங்கிய சூப்புகளில் பாதி இந்த இடத்தில் கெட்டவைதான்.

மயிலாப்பூர் விசில்

நன்றி சார். எங்க வீட்ல பன்றி கிடையாது. கோழியில செஞ்சா அதே கனம் வருமா?

ஸ்காபரோ சமையல்

வரும், ஆனா பிராய்லர் நெஞ்சுத் துண்டில வராது. சூப்பின்ர கனம் ஜெலட்டினால வாறது. தோலும் எலும்பும் சவ்வும் வேணும். கோழிக்கால் எட்டு (நகம் வெட்டி, ஃபேய் சோய் செய்து), முட்டையிட்டு ஓய்ஞ்ச கிழட்டுக் கோழி பாதி. அதோட 100 கிராம் தட்டைப்பயறு, 80 கிராம் கச்சான், இலந்தை ஐஞ்சு, சான் பேய் ஒரு துண்டு. ரெண்டரை மணித்தியாலம். இது "மேய் டௌ" சூப் எண்டு கான்டனீஸ் வீடுகளில வழமையா வைக்கிறதுதான், நான் கண்டுபிடிச்சதில்லை. மேய் டௌ எண்டது எங்கட தட்டைப்பயறு இனம்தான், சீனக் கடையைத் தேடித் திரிய வேண்டாம்.

சரியா வந்திருக்கோ எண்டு பாக்க, ஒரு கிண்ணத்த குளிர்சாதனப் பெட்டியில இரவு வச்சுப் பாருங்கோ. காலையில கட்டியா ஆடினா சரி. மேல படிஞ்ச கொழுப்பையும் அப்பவே வழிச்சு எடுக்கலாம்.

சைவத்துக்கு: முந்திரி 60 கிராம், கச்சான் 60 கிராம், காய்ந்த ஷிடாக்கே காளான் ஆறு, சோளக்கதிர் ரெண்டு, கரட் ரெண்டு. ஒண்டரை மணித்தியாலம் காணும். காளான் ஊறின தண்ணிய அடிமண்டி விட்டு வடிச்சு ஊத்துங்கோ, ருசியில பாதி அதுக்குள்ள இருக்கு.

மருந்துப்பொட்டலம் (பினாங்கு)

குறிப்பை எழுதி வைப்பது பற்றித்தான் இழை. ஆனால் எல்லோரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். மருந்துச் சரக்கில்தான் குடும்பக் குறிப்புகள் பெரும்பாலும் தொலைகின்றன.

முதலில் எடை. மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங்கில் காட்டி என்றால் சுமார் 605 கிராம், அதில் 16 தாஹில், ஒரு தாஹில் 37.8 கிராம். கான்டனீஸில் அதே தாஹிலுக்கு "லியோங்". சீனப் பெருநாட்டில் காட்டி 500 கிராம், 1959க்குப் பிறகு அதில் பத்தே லியோங், ஒன்று 50 கிராம். குவாங்சௌவில் இருக்கும் சித்தி அனுப்பிய குறிப்பில் "இரண்டு லியோங்" என்றால் 100 கிராம். ஈப்போ பாட்டி சொன்ன "இரண்டு லியோங்" என்றால் 75 கிராம். கச்சானில் இது பெரிய வித்தியாசமில்லை. டாங் குவாய் போன்ற வேரில் சூப்பே கசந்துவிடும். எழுதும்போது கிராமாக மாற்றி, பக்கத்தில் எந்த ஊர்க் கணக்கு என்றும் எழுதுங்கள்.

அடுத்தது பெயர். தமிழில் "சான் பேய்" என்று எழுதியதைக் கடைக்காரரிடம் வாசித்தால் அவருக்குப் புரியலாம், புரியாமலும் போகலாம். கான்டனீஸில் ஓசையின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும், அதைத் தமிழ் எழுத்து காட்டாது. மேலும் கடைக்காரர் ஹொக்கியன் பேசுபவராக இருந்தால் அதே சரக்குக்கு வேறு உச்சரிப்பு. சீன எழுத்தில் பெயரைக் கேட்டு வாங்கி, பொட்டலத்தின் மேலுறையையே வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுவது நல்லது. சரக்கை ஒரு நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் அளவும் தெரியும்.

மூன்றாவது ஆபத்து. "செக் சியூ டௌ" என்பது ஒல்லியான, நீண்ட, கருஞ்சிவப்புச் சிறுபயறு. நடுவில் வெள்ளைக் கோடு இருக்கும். குட்ஸு கிழங்கும் மீனும் சேர்த்த சூப்புக்கு இதைத்தான் போடுவார்கள். பாதி சிவப்பு பாதி கறுப்பாக ஒரு விதையை அதே பெயரில் தந்தால் கையாலும் தொடாதீர்கள். நமக்கு அது நன்றாகத் தெரிந்ததுதான்: குன்றிமணி. நஞ்சு.

ஆப்ரிகாட் பருப்பு தென் பருப்பு, வட பருப்பு என்று இரண்டாக வரும். தென் பருப்பு பெரியது, இனிப்பு. வட பருப்பு சின்னது, கசப்பு. அதில் சயனைடு வெளிப்படுத்தும் அமிக்டலின் உண்டு. நான்கு பேர் சூப்புக்கு தென் பருப்பு 15 கிராம், வட பருப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம். பச்சையாக மெல்லவே கூடாது. "ஒரு பிடி" என்று மட்டும் எழுதிவைத்த குறிப்பில் எந்தப் பருப்பு என்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் டாங் குவாய் போட்ட சூப் அவருக்கு வேண்டாம். ரத்தம் உறைய எடுக்கும் நேரம் அளவுக்கு மீறிக் கூடிவிடலாம்.

கிந்தா மருமகள்

எங்கள் பக்கத்து வீட்டு வாய் சான் (காய்ந்த சீன வள்ளிக்கிழங்கு) சூப் புளித்தது. கெட்டுப்போனதா?

மருந்துப்பொட்டலம்

அன்றே வைத்து அன்றே புளித்தால் கெட்டதாக இருக்காது. இரண்டு சந்தேகம். ஒன்று, வாய் சான், லில்லிக்கிழங்கு இதழ், யுக் சுக் என்ற மருந்துக்கிழங்கு இவை பாலைப்போல வெள்ளையாக இருந்தால் கந்தகப் புகை காட்டியவை. புளிப்பு அதிலிருந்து வரும். பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கில் சுர்ரென்று ஏறினால் அதேதான். இளமஞ்சளாக, கொஞ்சம் அழுக்காகத் தெரிவதை வாங்கி, அரைமணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு, கோஜிப் பழத்தை ஆரம்பத்திலேயே போட்டிருப்பார்கள். அது கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும். மூன்று மணி நேரம் கொதித்தால் புளிக்கும், உடைந்து கலங்கவும் செய்யும்.

சிவப்பு இலந்தையின் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். கொட்டை "யிட் ஹேய்", சூடு என்பது வீட்டு நம்பிக்கை. நம்பாதவர்களும் எடுத்துவிடுங்கள், குடிக்கும்போது பல்லில் படாது.

அளவுகோல்

யிட் ஹேய் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்புகிறோமோ இல்லையோ, "எப்போது வைப்பது, யாருக்கு வேண்டாம்" என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். நீர்க்கீரை (வாட்டர்கிரெஸ்) சூப் குளிர்ச்சி, வெயில் காலத்துக்கு. இஞ்சி, கறுப்பு வினிகர், பன்றிக்கால் சேர்ந்தது பிள்ளை பெற்றவளுக்கு. அதை எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குச் சூப் தெரியும், அது எதற்கென்று தெரியாது.

ஸ்காபரோ சமையல்

நீர்க்கீரை எண்டு சொன்னபடியால ஒரு கேள்வி. அந்தக் கீரையில வைக்கிற சாய் யோங் சோய் சூப்பக் கசக்காமல் வைக்கிற முறை என்ன?

சா போ

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மட்டும் போட வேண்டும். ஆறின தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் கசக்கும் என்பது எல்லா வீட்டிலும் சொல்லும் விதி. ஒரு காட்டி கீரை, உப்புத் தண்ணீரில் அரைமணி (பூச்சி, நத்தைக்குஞ்சு கழன்று வரும்), எலும்பு 500 கிராம், தேன் பேரீச்சை போல இருக்கும் மாட் ஜோ மூன்று, தென், வட ஆப்ரிகாட் பருப்பு மேலே சொன்ன அளவு. எலும்பு ஒரு மணி நேரம் கொதித்த பிறகு கீரை, அதன்பின் இன்னொரு மணி. கீரை கருத்து, குழைந்து, பார்க்கச் சகிக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். பச்சையாக வேண்டுமென்றால் அது குவான் தோங், வேறு சூப்.

இதையே மீன் போட்டும் வைப்பார்கள். சாங் யூ என்பது மலாய்க்காரரின் ஹாருவான், நம்முடைய விரால். ஒரு விராலைத் துடைத்து ஈரமில்லாமல் ஆக்கி, இஞ்சி போட்ட எண்ணெயில் இரு பக்கமும் பொன்னிறமாக்கி, அதே சட்டியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் பெரிய நெருப்பில் கொதிக்கவிட வேண்டும். எலும்புச் சூப்பில் தவறென்று சொன்ன கொந்தளிப்பு இங்கே தேவை: எண்ணெயும் மீனின் ஜெலட்டினும் அடித்துக் கலந்துதான் பால் நிறம் வருகிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றியோ, நெருப்பைக் குறைத்தோ வைத்தால் வெளிறிய தண்ணீராகவே நிற்கும். முள்ளுக்குப் பயந்தால் வறுத்த மீனை மெல்லிய துணிப்பையில் கட்டிப் போடுங்கள். சீனப் பாத்திரக் கடையில் சூப்புக்கென்றே பை கிடைக்கும்.

மயிலாப்பூர் விசில்

நடுவில தண்ணி குறைஞ்சா?

சா போ

கொதிக்கிற தண்ணீர் மட்டும். அதுவும் ஒரு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் முதல் கணக்கே தப்பு. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் வேண்டாம்.

ஸ்காபரோ சமையல்

வேலைக்குப் போற ஆக்கள் வெப்பப்பானை பாவிக்கலாம். உள்பானையை அடுப்பில 20 நிமிஷம் கொதிக்க வச்சு, வெளிப்பானைக்குள்ள இறக்கி மூடி விடுறது. ஆனா கவனம்: உள்பானை முக்கால்வாசிக்கு மேல நிரம்பியிருக்கோணும். அரைப்பானை எண்டா சூடு கெதியா இறங்கும். 60 டிகிரிக்குக் கீழ போனால் கிருமி வளரும். நாலைஞ்சு மணித்தியாலத்தில எடுத்துத் திருப்பிக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கோணும். ஆவியே போகாது, அதால தண்ணி 1.4 லிட்டர் கணக்குத்தான். எலும்பு நல்லா இறங்கும், தாமரைக்கிழங்கு மாவாகிறதுக்கு மட்டும் சூடு காணாது. அதை முதல்ல அடுப்பிலயே 40 நிமிஷம் வையுங்கோ.

கிந்தா மருமகள்

மண்பானையே வாங்கிவிட்டேன். புதுப் பானையைப் பழக்குவது நம் மண்சட்டி மாதிரியேதானா?

சா போ

அதேதான். ஒரு நாள் ஊறவைத்து, அரிசிக் கழுநீரோ கஞ்சியோ ஊற்றிச் சின்ன நெருப்பில் ஒரு மணி நேரம். மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும். வெறும் பானையை நெருப்பில் வைக்காதீர்கள், சுடு பானையை ஈரத் திண்ணையில் இறக்காதீர்கள். உங்கள் இன்டக்ஷனில் அது சூடாகாது என்பது தெரியும்தானே? எரிவாயு அடுப்பு வேண்டும். ஆவி இழப்பையும் மறுபடி அளக்க வேண்டும்.

கிந்தா மருமகள்

தெரியாது :( சரி, எரிவாயு அடுப்பு பின்கட்டில் இருக்கிறது. அளந்துவிட்டேன், மணிக்கு 260 மில்லி.

மாவுக்கிழங்கும் கிடைத்தது. எல்லோரும் சொன்னதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

தாமரைக்கிழங்கு சூப். 220 மில்லி கிண்ணத்தில் ஆறு. பன்றி எலும்பு 600 கிராம், ஃபேய் சோய் செய்தது. நடுக்கணு மாவுக்கிழங்கு 700 கிராம். கச்சான் (பாட்டியின் பிடியை மூன்று தடவை அள்ளச் சொல்லி நிறுத்ததில் 42, 47, 45) 45 கிராம், தோலோடு ஒரு மணி ஊறியது. காய்ந்த பேய்க்கணவாய் ஒன்று, 35 கிராம். இலந்தை ஐந்து, கொட்டை நீக்கி. சான் பேய் ஓர் இதழ். இஞ்சி இரண்டு வில்லை. தண்ணீர் 2.1 லிட்டர். 15 நிமிடம் பெரிய நெருப்பு, பிறகு செவ்வந்தி நெருப்பில் மூன்று மணி. உப்பு கடைசியில்.

அளவுகோல்

தண்ணீர் சரி. "சியூ சியூ" மட்டும் பாக்கி. கடைசியில் 1.3 லிட்டர் சூப் என்றால் எட்டு கிராம் உப்பு பொதுவான அளவு. பேய்க்கணவாயிலேயே உப்பு உண்டு. ஐந்து கிராமில் தொடங்கிச் சுவை பாருங்கள். பாட்டி போடும்போது உப்பு ஜாடியை முன்னும் பின்னும் தராசில் வைத்தால் அவருடைய சியூ சியூ எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் வற்ற வற்றக் கரிக்கும், திருத்த வழியில்லை.

சா போ

இரண்டு திருத்தம். பேய்க்கணவாயை 20 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, வெறும் சட்டியில் இரு பக்கமும் லேசாக வாட்டிப் போடுங்கள். கவிச்சி போய் மணம் வரும். கிழங்கை வில்லையாக நறுக்காமல் கணுவோடு முழுசாகப் போட்டு, இறக்கிய பிறகு வெட்டுங்கள். அல்லது கத்தியின் பட்டையால் ஓர் அடி அடித்து, உடைந்த துண்டாகப் போடுங்கள். மாவுக்கிழங்கின் ருசி உடைந்த முகத்தில்தான் இருக்கிறது.

மருந்துப்பொட்டலம்

சான் பேயையும் சொல்லாமல் விடக் கூடாது. "ஓர் இதழ்" என்றால் மூன்றாகக் கீறி உரித்த தோலில் ஒரு பங்கு. பெயர்பெற்றது குவாங்டோங்கின் சின்ஹுய் ஊர்த் தோல். மூன்று ஆண்டாவது பழகினால்தான் அதற்குச் சான் பேய் என்ற பெயர். வீட்டில் காயவைத்த கமலா ஆரஞ்சுத் தோலைப் போட்டால் கசப்புத்தான் மிஞ்சும். 20 நிமிடம் ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைக் கரண்டியால் சுரண்டிவிட்டுப் போடுங்கள். ரொம்பப் பழையது என்றால் வெள்ளை தானாகவே மெலிந்திருக்கும், சுரண்ட வேண்டாம்.

கிந்தா மருமகள்

பாட்டியிடம் ஒரு தகர டப்பா நிறைய இருக்கிறது, கறுத்துப்போய். எத்தனை வருடத்தது என்று அவருக்கே தெரியவில்லை. பயன்படுத்தலாமா?

மருந்துப்பொட்டலம்

ஒன்றை உடைத்துப் பாருங்கள். முறுக்கு மாதிரி "டக்"கென்று உடைந்து, கற்பூரமும் பழமும் கலந்த மணம் வந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காது. வளைந்து, ஈரச் சாக்கு நாற்றம் அடித்தால் பூஞ்சணம் பிடித்தது, கொட்டிவிடுங்கள். நல்லதென்றால் வெயிலுள்ள நாளில் தாம்பாளத்தில் பரப்பி இரண்டு மணி நேரம் காயவிட்டு, முழுக்க ஆறியதும் திரும்ப டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். ஈப்போ ஈரத்துக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை இது தேவை. டப்பாவின் மூடியில் இன்றைய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து யார் கையில் போனாலும் இதற்கு முந்தையது என்றாவது தெரியும்.

மயிலாப்பூர் விசில்

சூப் குடிச்சதும் அந்த எலும்பு, கிழங்கெல்லாம் என்ன பண்றது? தூக்கிப் போடவா?

சா போ

வேண்டாம். அதற்கு "தோங் சா" என்று பெயர், தனித் தட்டில் வரும். மூன்று மணி நேரத்தில் இறைச்சியின் ருசி எல்லாம் சூப்புக்குப் போயிருக்கும், அதனால் பக்கத்தில் சோயா சாஸும் நறுக்கிய சிவப்பு மிளகாயும். கிழங்கும் கச்சானும் அப்படியே நன்றாக இருக்கும்.